எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்டு மனு எழுதுவது எப்படி

கோட்டாட்சியர் அலுவலக வாசலில், புங்க மரத்தடியில் உட்கார்ந்து இருபது வருஷமாக மனு எழுதுகிறேன். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று பலதும் வரும். அதற்கு நடுவே அடிக்கடி வருகிற ஒன்று: "பையன் பேருக்கு வீட்டை எழுதிக் குடுத்துட்டேன் தம்பி, இப்ப சோறு போட மாட்டேங்கிறான்."

இவர்களில் பலர் ஏற்கெனவே போலீஸ் ஸ்டேஷன் போய், "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்று சொல்லக் கேட்டுத் திரும்பியவர்கள். சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டுமோ என்று பயந்தே சிலர் சும்மா இருந்துவிடுவார்கள். போக வேண்டியது கோட்டாட்சியரிடம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் கோட்டாட்சியர்தான் (ஆர்.டி.ஓ.) தீர்ப்பாயம். வக்கீல் இல்லாமலே நடத்தும்படி அமைத்த சட்டம் இது.

போன ஆடியில் ஒரு அம்மா மஞ்சப் பையோடு வந்தார். உள்ளே தான செட்டில்மெண்ட் பத்திரத்தின், அதாவது காசு வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் நகல். புரட்டிப் பார்த்தேன். வழக்கமான வரிதான்: "உன் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்". கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதிய அன்றைக்குப் பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "கடைசி வரைக்கும் நான் இருக்கேன்மா, மாத்திரை செலவு என் பொறுப்புன்னு சொன்னான். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல எனக்கும் என் தம்பிக்கும் போண்டா வாங்கிக் குடுத்தான்" என்றார். தம்பியா? தம்பி கூட இருந்தாரா? இருந்தார், சாட்சிக் கையெழுத்தே அவருடையதுதான். அந்த போண்டாவை விட்டிருந்தால் சாட்சியையும் விட்டிருப்போம்.

இது ஏன் முக்கியம் என்றால், சட்டத்தின் 23ஆவது பிரிவு இதில்தான் நிற்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால், அது ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகவே கருதப்படும்; தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. பிறகு 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி வீட்டைத் திரும்ப ஒப்படைக்க வைத்தது. அதே வருஷம் மார்ச்சில், நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அன்பினால் கொடுத்தது என்பதிலேயே நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஆகவே, பத்திரத்தில் வரி இல்லையே என்று மனம் தளர வேண்டாம். ஆனால் மனுவில் அந்த வாக்குறுதியை எழுதாமல் விட்டால் என்னாலும் காப்பாற்ற முடியாது.

அந்த அம்மாவுக்கு இப்படி எழுதினேன்: "என்னையும் என் மருத்துவச் செலவையும் ஆயுள்வரை கவனித்துக்கொள்வதாக என் மகன் சொன்னதை நம்பியே மேற்படி வீட்டை எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்திட்ட என் தம்பி இதை நேரில் கேட்டவர். கடந்த தை மாதம் முதல் எனக்கு உணவும் மருந்தும் தரப்படவில்லை." எப்போதிலிருந்து என்று மாதம் சொல்லுங்கள். மருமகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதச் சொல்வார்கள். நான் எழுத மாட்டேன். பராமரிப்புத் தொகை கேட்பது மகன், மகள், வயது வந்த பேரன் பேத்தியிடம்தான். மருமகளைத் திட்டுவதால் ஒன்றும் நடக்காது.

கடைசியில் என்ன வேண்டும் என்று நேராகக் கேளுங்கள்: பத்திரத்தை 23ஆவது பிரிவின்படி செல்லாது என அறிவிக்க வேண்டும், வீட்டை என் வசம் ஒப்படைக்க வேண்டும், மாதாமாதம் இவ்வளவு பராமரிப்புத் தொகை வேண்டும், விசாரணை முடியும்வரை இடைக்காலத் தொகையும் வேண்டும். பராமரிப்புத் தொகைக்கு உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று மட்டும் முடித்தால், பையனைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இணைப்பு: பத்திர நகல், வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டுவது), வயதுக்கு ஆதார், மருந்துச் சீட்டுகள். 60 வயது ஆகியிருக்க வேண்டும். பராமரிப்பு மட்டும் கேட்கும் பெற்றோருக்கு வயது வரம்பே இல்லை. மகள் வீட்டில் போய்த் தங்கியிருந்தால் அந்த ஊர்த் தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். நடக்க முடியாதவர் சார்பில் அவர் அனுமதித்த வேறொருவரும் கொடுக்கலாம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தாலும் சுற்றிக்கொண்டு இங்கேதான் வரும். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

விசாரணைக்கு முன் சமரசம் பேச அனுப்பலாம். பராமரிப்பு மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; தேவையானால் 30 நாள் நீட்டிப்பு. பையன் வந்து காலில் விழுவான். பெற்ற மனசு, "வேண்டாம் சார், விட்டுருங்க" என்று சொல்லிவிடும். சமாதானமாகப் போவது தப்பே இல்லை. ஆனால் வாய்ப்பேச்சில் மனுவை வாபஸ் வாங்காதீர்கள். எந்த அறையில் தங்குவது, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில் என்று எழுதி, அதையே உத்தரவாகப் போடச் சொல்லுங்கள். உத்தரவான தொகையைக் கட்டாவிட்டால் வாரண்ட் போடலாம், ஒரு மாதம்வரை சிறையும் உண்டு.

உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. எழுத உதவிக்கு ஆள் இல்லையென்றால் தாலுகா கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி. ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றால் மனுவுக்கெல்லாம் காத்திருக்காமல் 112. மற்றபடி ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு: உயிலாக எழுதினால் நினைத்தபோது மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்றால், ஆயுள்வரை அனுபவ உரிமை உங்களுக்கு என்ற வரியையும், கவனிக்கத் தவறினால் ரத்து என்ற வரியையும் பத்திர எழுத்தரிடம் கேட்டுப் போடச் சொல்லி, படித்துக் காட்டச் சொன்ன பிறகு கைநாட்டு வையுங்கள்.

சாதகமாக உத்தரவு வந்ததும் வேலை முடிந்ததென்று பையில் வைத்துவிடாதீர்கள். அதன் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். சில நாள் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டு, உத்தரவு அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா பையன் பேருக்கு மாறியிருந்தால் அதற்குத் தாசில்தாரிடம் தனியாக ஒரு மனு.