கிரானுலர் மாடியூலில் எது போட்டாலும் ஒரே மேகம்தானா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

மாடியூல்கள் என்ற தனித்தனிக் கருவிகளை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசரில், ஒலியைச் சிறு துகள்களாக உடைத்து மறுபடி இசைக்கும் ஒரு கிரானுலர் மாடியூல் வந்து சேர்ந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கைக்குக் கிடைத்த ஒலியை உள்ளே அனுப்பி, ரிவெர்ப்பை (எதிரொலிப்பை) ஏற்றி, பதிவான ஒலியை உறைய வைக்கும் ஃப்ரீஸ் பட்டனை அழுத்திவிட்டு, அறை முழுக்க மிதக்கும் ஒலியில் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே வீணை போனாலும் குக்கர் விசில் போனாலும் வெளியே வருவது அதே மேகம்தான் என்பது கொஞ்ச நாளில் தெரிந்துவிடும். பழி மாடியூல்மேல் விழும். பெரும்பாலும் குற்றம் பாட்ச்சில்தான், அதாவது நாம் வயர்களை மாட்டிக் குமிழ்களை வைத்திருக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கிளவுட்ஸ் என்ற கிரானுலர் மாடியூலை வைத்தே பேசுகிறேன். 2017இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் அதை உருவாக்கிய எமிலி ஜில்லே அதன் நிரலையும் சர்க்யூட் வரைபடத்தையும் திறந்த உரிமத்தில் விட்டிருந்ததால், அதன் நகல்கள் இன்றும் பலர் ராக்கில் (மாடியூல்களைப் பொருத்தும் சட்டத்தில்) இருக்கின்றன. கணினியில் ஓடும் விசிவி ராக் என்ற மாடுலர் மென்பொருளில் 'டெக்ஸ்சர் சிந்தசைசர்' என்ற பெயரில் இலவசமாகவும் கிடைக்கிறது. கீழே சொல்வதை அதிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஒலியைச் சில மில்லிநொடி நீளமுள்ள துகள்களாகப் பார்க்கும் எண்ணம் பழையது. இயற்பியலாளர் டென்னிஸ் காபோர் 1940களில் அதை எழுதினார். 1950களின் இறுதியில் இசையமைப்பாளர் ஸெனாகிஸ் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி இசையாக்கினார். 1970களில் கர்டிஸ் ரோட்ஸ் கணினியில் செய்தார். 1986இல் பாரி ட்ரூவாக்ஸ் நிகழ்நேரத்தில் ஓடவிட்டார். டேப்பை வெட்டி ஒட்டிய காலத்தில் ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். நமக்குக் குமிழைத் திருப்பினால் போதும் என்பதால் அந்தக் கணக்கையே மறந்துவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான்.

துகளின் நீளமும் அடர்த்தியும் தனித்தனி விஷயங்கள் அல்ல, ஒன்றோடொன்று பெருக்கிப் பார்க்க வேண்டியவை. 50 மில்லிநொடித் துகள்கள் நொடிக்கு 10 வந்தால் மொத்தம் அரை நொடிக்குத்தான் ஒலி; மீதி அரை நொடி மௌனம். பொத்தல் பொத்தலாகக் கேட்கும். நொடிக்கு 20 என்றால் ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். 80 என்றால் எந்த நேரத்திலும் நான்கு துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். விளிம்புகள் மறைந்து இழையத் தொடங்கும்.

இதில் இன்னொரு பொறி உண்டு. துகள்கள் சீரான இடைவெளியில் நொடிக்கு 50 வந்தால், மூல ஒலி எதுவானாலும் 50 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் கூடவே வரும். நம் ஊர் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆகவே எர்த் சரியில்லை என்று பிளக்கைக் கழற்றி மாட்டி, அடாப்டரை மாற்றி, அரை நாளை வீணடிப்பவர்கள் உண்டு. கிளவுட்ஸில் டென்சிட்டி (அடர்த்தி) குமிழ் நடுவில் இருந்தால் துகளே பிறக்காது. இடப்பக்கம் சீரான இடைவெளி, வலப்பக்கம் தாறுமாறான இடைவெளி. வலப்பக்கம் திருப்பியதும் முனகல் கரைந்தால் அது எர்த் பிரச்சினை அல்ல. கூடவே கவனிக்க வேண்டியது: கிளவுட்ஸின் டென்சிட்டி, துகள்கள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. எனவே சைஸை, அதாவது துகளின் நீளத்தைக் குறைத்தால் துகள் பிறக்கும் வேகம் தானாகவே ஏறும், முனகலின் சுருதியும் கூடவே ஏறும். அதே நிறுவனத்திலிருந்து 2021இல் வந்த பீட்ஸ் மாடியூலில் டென்சிட்டி நேரடியாகவே வேகம். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவது இதனால்தான்.

அடுத்தது, உள்ளே என்ன அனுப்புகிறோம் என்பது. ஏற்கெனவே ரிவெர்ப்பில் ஊறிய நீண்ட பேட் ஒலியைத் துகளாக்கினால் எல்லாத் துகளும் ஒரே மாதிரி இருக்கும். பதிவின் எந்த இடத்திலிருந்து துகளை எடுப்பது என்று சொல்லும் பொசிஷனை எங்கே நகர்த்தினாலும் வித்தியாசம் தெரியாது. நொடிக்கு நொடி மாறுகிற ஒலிதான் வேண்டும். ஒரு மைக்கில் 'மழை' என்று மெதுவாகச் சொல்லி ஃப்ரீஸ் செய்யுங்கள். ரிவெர்ப், ஃபீட்பேக் (வெளிவரும் ஒலியை மறுபடி உள்ளே அனுப்புவது) இரண்டும் பூஜ்யம். சைஸ் பெரிதாக இருக்கும்போது சொல் பாதி புரியும். குறைத்துக்கொண்டே வாருங்கள். சொல் உடைந்து, பொசிஷன் ஒரு முனையில் இருக்கும்போது 'ம்' என்ற மூக்கொலி ரீங்காரமாக நிற்கும்; நடுவில் ழகரத்தின் மடிந்த நாக்கு மட்டும் தேங்கும்; மறுமுனையில் 'ஐ' திறந்தபடி நீளும். பொசிஷனைக் கையால் மெல்ல நகர்த்தினால் சொல்லை நாம் விரும்பிய வேகத்தில் உச்சரிக்க வைக்கலாம். இந்த மூன்று இடங்களையும் காதால் கண்டுபிடிக்கும் முன் எல்.எஃப்.ஓ.வை (மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தால் குமிழைத் தானாக ஆட்டுவதை) மாட்டுவதில் பொருளில்லை.

அதே சோதனையில் சைஸ் மிகச் சிறிதானால் சுருதி காணாமல் போவதையும் கேட்கலாம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடியவே 10 மில்லிநொடி ஆகும். துகளும் அதே 10 மில்லிநொடி என்றால், அது என்ன சுருதி என்று காது சொல்ல முடியாது. பேஸ் ஒலிக்கு நீளமான துகள் வேண்டும். மேல் ஸ்தாயி குறைந்த நீளத்தையும் தாங்கும்.

'டெக்ஸ்சர்' குமிழை ஃபில்டர் மாதிரி நினைத்துத் திருப்புகிறார்கள். அது துகளின் வடிவம். இடக்கோடியில் ஓரம் செங்குத்தாக வெட்டப்படுவதால் கிளிக் கிளிக் என்று கேட்கும். தாளத்துக்கு நல்லது, இழைவுக்கு ஆகாது. கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்தைத் தாண்டினால் ஒலியைப் பரப்பிக் குழைக்கும் டிஃப்யூசரும் சேர்ந்துகொள்ளும்.

எல்.எஃப்.ஓ.வை, அதன் வீச்சைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இல்லாமல் நேராகப் பிட்ச்சில் செருகுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. அங்கே 1 வோல்ட் என்றால் 1 ஆக்டேவ். மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை ஆடும் எல்.எஃப்.ஓ. கேட்பது 10 ஆக்டேவ்! கிளவுட்ஸில் சி.வி. (கட்டுப்பாட்டு மின்னழுத்த) உள்ளீடுகளுக்கு அட்டென்யுவேட்டரே கிடையாது, தனியாக ஒன்று வைத்தே ஆக வேண்டும். சுருதி மாற்றம் வேண்டுமானால் மின்னழுத்தத்தை ஸ்வரங்களுக்குப் பொருத்தும் குவான்டைசர் வழியாக அனுப்புங்கள். பொசிஷனுக்கு மிகச் சிறிய, மெதுவான அசைவே போதும்.

ஃப்ரீஸ் உள்ளீடு 'கேட்' சிக்னலுக்கானது, அதாவது நீடித்து நிற்கும் மின்னழுத்தத்துக்கு. ஒரு கணமே வந்து போகும் சின்ன ட்ரிகரை அனுப்பினால் அந்தக் கணம் மட்டும் உறைந்து மறுபடி பதிவு ஓடத் தொடங்கும். "ஃப்ரீஸ் வேலை செய்யவில்லை" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ட்ரிக் உள்ளீட்டில் ஒரு துடிப்புக்கு ஒரு துகள் என்று தாளமாக எடுக்க நினைத்தால், டென்சிட்டியை நடுவில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தானாகப் பிறக்கும் துகள்களில் உங்கள் தாளம் மூழ்கிவிடும்.

பிளெண்ட் குமிழுக்கு நான்கு வேலை: ஈரம்-உலர் கலவை (துகளாக்கிய ஒலியும் மூல ஒலியும் கலக்கும் அளவு), ஸ்டீரியோ பரவல், ஃபீட்பேக், ரிவெர்ப். பட்டனை அழுத்தி வேலையை மாற்றியதும் பழைய மதிப்பு உள்ளேயே ஒளிந்து நிற்கும். ரிவெர்ப்பைக் குறைத்ததாக நினைத்துப் பரவலைக் குறைத்திருப்பீர்கள். பரவல் அதிகமாக இருக்கும்போது இடது அவுட்டை மட்டும் மிக்சருக்கு எடுத்தால், வலப்பக்கம் விழும் துகள்கள் போய்விடும். 'அங்கங்கே ஒலி விடுபடுகிறது' என்று பதிவு தங்கும் பஃபரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

உள்ளீட்டு அளவும் முக்கியம். யூரோராக் (இந்த மாடியூல்கள் பின்பற்றும் வடிவம்) ஒலி சுமார் 10 வோல்ட் வீச்சில் ஓடுவது. போனிலிருந்து வருவது அதற்குப் பக்கத்தில்கூட வராது. அப்படியே பதிவு செய்தால் பஃபரில் இரைச்சல்தான் மிஞ்சும், குறிப்பாக 8 பிட் தரத்தில். பீட்ஸ் உள்ளீட்டைச் சில நொடி கேட்டு அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். கிளவுட்ஸில் அது உங்கள் வேலை.

கடைசியாக, கிளவுட்ஸிடம் நீளமான பதிவை எதிர்பார்க்காதீர்கள். நல்ல தரத்தில் 1 நொடி; தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினால் மோனோவில் 8 நொடி. ஒரு முழுப் பாடல் பகுதியைக் கூறுபோட வேண்டுமானால் மேக் நாய்ஸின் மார்ஃபஜீன் மாதிரி ஒன்று தேவை. அதன் பஃபர் ஏறத்தாழ 3 நிமிடம் பிடிக்கும். எஸ்.டி. கார்டில் கோப்பு ஏற்றும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட், ஸ்டீரியோ வேவ் கோப்பாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.