நாற்று இலை மஞ்சளாகிறதா? உரத்தைத் தொடுவதற்கு முன்னால்

தக்காளி, மிளகாய் நாற்று மஞ்சளானால் கை தானாக உரப் பாக்கெட்டுக்குப் போகும். எனக்கும் போனது. மூன்றாவது வாரத்தில் மிளகாய்க் கொழுந்து வெளிறியது, உரம் கொடுத்தேன். இன்னும் வெளிறியது, இன்னும் கொடுத்தேன். அப்புறம் இலை நுனிகள் கருகின. நாற்றுத் தட்டில் பாதிக்கு மேல் போன பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்: மண்ணில் சத்து இருந்தது, செடியால்தான் எடுக்க முடியவில்லை.

விதைப்பு, முளைப்பு பற்றியெல்லாம் இங்கே இல்லை. நாற்று உங்கள் முன்னால் நிற்கிறது, நிறம் சரியில்லை. அங்கிருந்து தொடங்குவோம்.

1. வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள்

ஊதா நிற எல்இடி விளக்கின் கீழே எந்த இலையும் நிஜ நிறத்தைக் காட்டாது. தட்டை ஜன்னலோரம் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கும் அதே இடத்தில் ஒன்று. நேற்றைவிட அதிகமா, குறைவா என்பதைக் கண் மறந்துவிடும், படம் மறக்காது.

2. அது விதையிலையா?

முளைத்ததும் முதலில் விரியும் அந்த இரண்டு நீள இலைகள் விதையிலைகள். உண்மை இலைகள் இரண்டு மூன்று ஜோடி வந்த பிறகு அவை மஞ்சளாகி உதிர்வது இயல்பு. மற்றதெல்லாம் பச்சையாக இருந்தால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். உண்மை இலையே வராத நிலையில் விதையிலை மஞ்சளானால் அது வேறு கதை, பெரும்பாலும் அடுத்த படிதான்.

3. தொட்டியைத் தூக்குங்கள்

புதிதாக வளர்ப்பவர்களின் மஞ்சள் இலைகளில் பெரும்பகுதி தண்ணீர் அதிகமாவதால் வருவது. வேருக்குக் காற்று வேண்டும். ஊறிக்கிடக்கும் மண்ணில் அது கிடைக்காது, வேர் வேலைநிறுத்தம் செய்யும், இலை தொங்கி வெளிறும். தொங்குகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவோம். முடிந்தது.

விரலால் மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. தென்னை நார்க்கழிவு மேலே காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் ஒருமுறை, நன்றாகக் காய்ந்ததும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். இரண்டு நாளில் எடை வித்தியாசத்தைக் கை கற்றுக்கொள்ளும். சந்தேகமிருந்தால் ஒரு நாற்றை மண்ணோடு மெல்ல எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, வழுவழுப்பாகி, நாற்றமடித்தால் அழுகல். தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூல்போல் இளைத்திருந்தால் அது நாற்றழுகல் நோய். அந்த நாற்று பிழைக்காது, உடனே அப்புறப்படுத்துங்கள்.

4. மஞ்சள் மேலேயா, கீழேயா?

என்னைக் கவிழ்த்த படி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சில சத்துகளைச் செடி இடம் மாற்றிக்கொள்ளும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் இந்த வகை. தட்டுப்பாடு வந்தால் கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அறிகுறி முதலில் கீழ் இலைகளில் தெரியும். இரும்பு, கால்சியம் போன்றவை ஒருமுறை இலையில் சேர்ந்தால் நகராது. அவை குறைந்தால் கொழுந்துதான் முதலில் காட்டும்.

சரி, இப்போது உங்கள் நாற்றைப் பாருங்கள்.

கீழ் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. வெறும் நார்க்கழிவில் வளரும் நாற்றுக்கு இது அடிக்கடி வரும், அதில் உணவு அநேகமாக இல்லை. கீழ் இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். கீழ் இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல் பழுப்பானால் சாம்பல்சத்து.

கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் வலைபோலப் பச்சை என்றால் இரும்பு. இங்கேதான் நான் விழுந்தேன். இரும்புக் குறைவு என்றால் மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமல்ல. மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். வேருக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் எட்டாது. நான் 'இயற்கை உரம்தானே' என்று மண்கலவையில் தாராளமாக மரச்சாம்பல் கலந்திருந்தேன். சாம்பல் நல்ல காரம். அதன்மேல் தினமும் உப்புத்தண்ணீர், அதாவது கடின நீர் வேறு. கடின நீரில் உள்ள பைகார்பனேட் என்ற உப்பும் மண்ணை மெதுவாகக் காரமாக்கும்.

ஆகவே கொழுந்து வெளிறினால் உரத்துக்கு முன்னால் பிஎச், அதாவது மண்ணின் அமில-கார அளவைப் பாருங்கள். ஒரு பங்கு மண்கலவை, இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி 30 நிமிடம் விட்டு அளக்க வேண்டும். மண்கலவைக்கு 6 முதல் 6.8 வரை, வெறும் நார்க்கழிவுக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது. என்னுடையது 7.8 காட்டியது.

எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் இறங்கும், மறுபடி ஏறும். சாம்பல் உள்ளே இருக்கும்வரை சண்டை ஓயாது. கடைசியில் பிழைத்த நாற்றுகளைப் புதுக் கலவைக்கு மாற்றினேன், பத்து நாளில் கொழுந்து பச்சையானது. முதலிலேயே செய்திருக்கலாம்.

கருவிகள்

மண்ணில் குத்தினால் ஈரம், வெளிச்சம், பிஎச் மூன்றையும் காட்டும் பேட்டரி இல்லாத மீட்டரை வாங்காதீர்கள். என்னிடம் இருந்தது எதில் குத்தினாலும் 7 என்றது. பேனா வடிவ பிஎச் மீட்டரோ வெறும் சோதனைத் தாளோ போதும். பேனாவை மாதம் ஒருமுறையாவது பிஎச் 4, பிஎச் 7 என்று அளவு குறித்து விற்கும் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். முனையைக் காயவிடக் கூடாது, காய்ச்சி வடித்த நீரிலும் ஊறப்போடக் கூடாது. அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

இரும்புச்சத்து உரம் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். இடிடிஏ (EDTA) வகை மண்ணின் பிஎச் 6.5 தாண்டினால் தாங்காது. இடிடிஹெச்ஏ (EDDHA) என்று போட்டிருப்பது கார மண்ணிலும் வேலை செய்யும்.

5. புள்ளிகளா?

சீரான மஞ்சள் இல்லாமல் ஊசி குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள் இருந்தால் பூச்சி. இலைக்கடியில் வெள்ளைத்தாளை வைத்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்கிறதா? அது சிலந்திப்பேன். வெள்ளிக்கீற்றும் நடுநடுவே கறுப்புப் புள்ளிகளும் இலைப்பேன்.

6. ஒரே ஒரு மாற்றம்

உரம், எப்சம் உப்பு, வேப்பெண்ணெய், இடமாற்றம் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது காப்பாற்றியது, எது கொன்றது என்றே தெரியாது. ஒன்றை மாற்றி ஒரு வாரம் பொறுங்கள். உரக் குறைவுதான் என்று உறுதியானால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு. மெக்னீசியம்தான் என்றால் எப்சம் உப்பு லிட்டருக்கு 1 அல்லது 2 கிராம், மாலையில் தெளிப்பு. பலர் இதை எல்லா மஞ்சளுக்கும் மருந்தாக்கிவிட்டார்கள். அது மெக்னீசியமும் கந்தகமும் மட்டும்தான், இரும்புக் குறைவால் வரும் கொழுந்து வெளிறலுக்கு ஒன்றும் செய்யாது.

பின்சேர்க்கை 1: தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மணிச்சத்துக் குறைவின் அடையாளம்தான், ஆனால் குளிரிலும் இப்படி ஆகும். குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தைச் சரியாக எடுக்காது. தட்டை வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பாருங்கள், உரம் அப்புறம். மிளகாயில் கணுக்கள் மட்டும் ஊதா என்றால் அது பல ரகங்களுக்குப் பிறவிக்குணம்.

பின்சேர்க்கை 2: "நேற்று வெளியே வைத்தேன், இன்று இலையில் வெள்ளைத் திட்டு, காகிதம் மாதிரி" என்று ஒருவர். நோய் இல்லை, வெயில். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் காலை வெயிலில் வைத்து, 7 முதல் 10 நாள்வரை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வெளுத்த திட்டு மறுபடி பச்சையாகாது. கொழுந்து நன்றாக இருந்தால் அந்த இலையைக் கிள்ளாமல் விடுங்கள், மிச்சமிருக்கும் பச்சை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.