துருக்கியின் தேசிய கீதம்: வாசிப்பவர்கள் இடறும் இடங்கள்

துருக்கியின் தேசிய கீதம் "கோர்க்மா" என்ற சொல்லில் தொடங்குகிறது. "அஞ்சாதே" என்று பொருள். அச்சத்தில் இருக்கும் ஒருவரிடம்தான் இப்படிப் பேச முடியும். இந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் கவிதை தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் பலர் இதை மேடை முழக்கமாகவே வாசிக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர்களும் அதைப் பற்றி எழுதுபவர்களும் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே முளைக்கின்றன.

பாட்டின் பெயர் "இஸ்திக்லால் மார்ஷி". விடுதலையின் நடைப்பாட்டு என்று சொல்லலாம். எழுதியவர் மெஹ்மத் ஆகிஃப் (1873–1936). கால்நடை மருத்துவம் படித்தவர், கவிஞர், அங்காராவில் கூடிய முதல் தேசிய மன்றத்தில், அதாவது நாடாளுமன்றத்தில், உறுப்பினர். எர்சோய் என்ற குடும்பப் பெயர் 1934-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு சேர்ந்தது.

வெற்றிக்கு முன் எழுதிய பாட்டு

இது துருக்கிக் குடியரசின் வெற்றிப் பாட்டு என்று எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் முதல் தவறு. மன்றம் இதை ஏற்றுக்கொண்ட நாள் 1921 மார்ச் 12. குடியரசு அறிவிக்கப்பட்டதோ 1923 அக்டோபர் 29. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் "அஞ்சாதே" என்ற சொல் வெறும் வீராப்பாகிவிடும்.

அன்றைய நிலையைப் பாருங்கள். 1919 மே மாதத்தில் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. 1920 மார்ச்சில் நேச நாடுகளின் படை இஸ்தான்புல்லை முறைப்படி ஆக்கிரமித்தது. அதே ஆண்டு கோடையில் புர்சா நகரம் கிரேக்கரிடம் விழுந்தது. பாட்டு ஏற்கப்பட்ட பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1921 ஜூலையில் எஸ்கிஷெஹிர் நகரமும் கைவிட்டுப் போனது. அரசின் இருப்பிடத்தை அங்காராவிலிருந்து கைசேரிக்கு மாற்றலாமா என்று மன்றத்தில் பேச்சு எழுந்தது. விடுதலைப் போரின் போக்கைத் திருப்பிய சகார்யா சண்டை ஆகஸ்டில்தான் தொடங்கியது. அதாவது, தோற்றுப்போகலாம் என்று எல்லோரும் உள்ளூர அஞ்சிய நாளில் ஒருவர் மக்களின் தோளைத் தொட்டுச் சொன்ன சொல் இது. கவிதையின் தலைப்பில் "நம் வீரப் படைக்கு" என்ற காணிக்கை இருப்பதும் அதனால்தான்.

பரிசுக்காக எழுதினார் என்பதும் தவறு. கல்வி அமைச்சகம் 500 லிரா பரிசு அறிவித்துப் போட்டி நடத்தியது. 724 கவிதைகள் வந்தன. பணம் வைத்த போட்டி என்பதால் ஆகிஃப் கலந்துகொள்ளவில்லை. வந்தவற்றில் நிறைவு காணாத அமைச்சர் ஹம்துல்லா சுப்ஹி 1921 பிப்ரவரியில் அவருக்குக் கடிதம் எழுதி, பணப் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டார். அங்காராவில் தாஜெத்தின் என்ற சூஃபி மடத்தில் தங்கியிருந்த ஆகிஃப் அங்கேயே எழுதி முடித்தார். பரிசுத் தொகை, ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொழில் கற்றுத்தந்த ஓர் அறநிறுவனத்துக்குப் போனது.

அடுப்பும் பிறையும்

முதல் இரண்டு அடிகளின் பொருள் ஏறக்குறைய இது: அஞ்சாதே, இந்தச் செவ்வானத்தில் நீந்தும் சிவப்புக் கொடி அணையாது, என் நாட்டின் மீது புகையும் கடைசி அடுப்பு அணையும்வரை. "ஒஜாக்" என்ற சொல்லைப் பலர் "நெருப்பு" என்றும் "சுடர்" என்றும் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது வீட்டு அடுப்பு. துருக்கியில் அடுப்பு என்றால் குடும்பம். "அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா?" என்று நாம் கேட்கும்போது சமையலை மட்டுமா கேட்கிறோம்? அதே பொருள்தான். கொடியின் உயிரைப் படைமுகாமில் வைக்காமல் ஏதோ ஒரு சிற்றூர் வீட்டின் புகைபோக்கியில் வைத்தார் ஆகிஃப். அதைச் "சுடர்" என்று மாற்றினால் வீடு காணாமல் போய்விடும். மிஞ்சுவது வெறும் சுடர்.

இரண்டாம் பத்தியில் இன்னும் நுட்பமான இடம் இருக்கிறது. "சாத்மா, குர்பான் ஒலாயிம், செஹ்ரெனி எய் நாஸ்லி ஹிலால்!" என்று கொடியின் பிறையைப் பார்த்துப் பேசுகிறார். இந்த அடியை "முகத்தைச் சுளிக்காதே, உனக்காகப் பலியாகிறேன், புகழ்மிக்க பிறையே" என்ற பாங்கில் மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. மூன்று சொற்களிலும் சறுக்கல். "குர்பான் ஒலாயிம்" என்பது அன்புக்குரியவரிடம் கெஞ்சும்போது அன்றாடம் சொல்லும் தொடர். பலிபீடம் எதுவும் இங்கே இல்லை. "சாத்மா" என்பது புருவத்தை நெறிக்காதே என்பது. "நாஸ்லி" என்றால் பிகு செய்கிறவள், செல்லமாகப் பிணங்குகிறவள்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க நீண்ட குறிப்பு வேண்டியதில்லை. இது ஊடல். உதுமானியக் காதல் கவிதையில் காதலியின் புருவம் பிறை. அந்தப் பழைய உவமையைத் திருப்பிப்போட்டு, கொடியின் பிறையையே நெறித்த புருவமாக்கி, ஊடியிருப்பவளைத் தணிக்கும் குரலில் பேசுகிறார் கவிஞர். நாடு தன்மீது கோபமாக இருக்கிறது என்று உணரும் ஒருவர், ஒரு சிரிப்புக்காக அதனிடம் மன்றாடுகிறார். உலகத்தின் தேசிய கீதங்களில் கொடியைப் போற்றுபவை நிறைய உண்டு. கொடியின் பிணக்கைத் தீர்க்கும் இன்னொன்றை நான் படித்ததில்லை.

அதன் தொடர்ச்சியாக, நீ சிரிக்காவிட்டால் நாங்கள் சிந்திய இரத்தம் உனக்கு "ஹெலால்" ஆகாது என்கிறார். உணவோடு மட்டும் அந்தச் சொல்லைச் சேர்த்துப் பழகியவர்கள் இங்கே திகைக்கிறார்கள். துருக்கியில் பிரியும்போதும் இறுதிச் சடங்கிலும் ஒருவர்மீது ஒருவருக்குள்ள உரிமைக்கடனை மனமாரத் தள்ளுபடி செய்வதற்கும் இதே சொல்தான். காதலனின் செல்லக் கோபம் இது. "அந்தக் கடனை உனக்குத் தள்ளுபடி செய்ய மாட்டேன்" என்கிறான்.

"உலுசுன்" என்ற பொறி

நான்காம் பத்தியில் "உலுசுன், கோர்க்மா!" என்று வருகிறது. "உலு" என்றால் உயர்ந்த. எனவே "நீ உயர்ந்தவன், அஞ்சாதே" என்று படிப்பது துருக்கியர்களிடையே கூடப் புகழ்பெற்ற பிழை. இங்கே வினைச்சொல் "உலுமாக்", ஓநாயைப்போல ஊளையிடுவது. "ஊளையிடட்டும், அஞ்சாதே" என்பதே பொருள். ஊளையிடுவது யார் என்பதை அடுத்த அடி சொல்கிறது: "நாகரிகம்!" என்று நீ சொல்கிறாயே, ஒற்றைப் பல் மட்டும் மிஞ்சிய அந்தக் கொடுவிலங்கு.

இந்த அடியைக் காட்டி ஆகிஃப் அறிவியலின் பகைவர், மேற்கை வெறுத்தவர் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. மூலத்தில் அந்தச் சொல் மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். எஃகுக் கவசமிட்டு வந்து ஊர்களைப் பிடித்துக்கொண்டு அதற்கு நாகரிகம் என்று பெயரிட்டவர்களின் சொல்லை அவர்களிடமே திருப்பித் தருகிறார். மேற்கின் அறிவையும் கலையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தன் மற்றொரு நெடுங்கவிதையில் நேரடியாகவே சொன்னவர் அவர்.

துருக்கியர் என்ற சொல் எங்கே?

41 அடிகளில் "துர்க்" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. முதன்முறை அறிபவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கும். இருப்பவை மில்லெத், வதன், இமான், எஸான், ஹிலால்: மக்கள், தாய்நாடு, நம்பிக்கை, தொழுகை அழைப்பு, பிறை. "இர்க்" என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. இன்றைய துருக்கிய மொழியில் அதற்கு இனம் என்று பொருள் என்பதால் இதை இனவாதப் பாட்டு என்று சிலர் குறைகூறுகிறார்கள், வேறு சிலர் அதையே பெருமையாகக் கொள்கிறார்கள். இரண்டும் பிழை என்பது என் கருத்து. ஆகிஃபின் தந்தை இன்றைய கொசோவோவிலிருந்து வந்த அல்பேனிய வழியினர். தாயின் குடும்பம் புகாராவிலிருந்து வந்தது. உதுமானியப் பேரரசு சிதைந்தபோது அதன் முஸ்லிம் மக்களை ஒரே வழிவந்தோராகக் கண்டவரின் சொல் அது.

இறுதி அடியில் "ஹக்" என்ற சொல் இரண்டு முறை வருகிறது. ஒன்று உரிமை, மற்றொன்று இறைவன். இறைவனைத் தொழும் என் மக்களுக்கு விடுதலை உரிமை என்பது கருத்து. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் "ஹக்" இரண்டு பொருளிலும் புழங்குவதால் அவர்களுக்கு இந்தச் சிலேடை உடனே பிடிபடும். மொழிபெயர்ப்புகளில் அது கரைந்துபோகிறது.

ஆனாலும் இதை வெறும் மதப்பாட்டு என்று ஒதுக்குவதும் சரியாகாது. 1928-இல் அரசியலமைப்பிலிருந்து அரச மதம் என்ற வாசகம் நீக்கப்பட்டது. 1932 முதல் 1950 வரை பள்ளிவாசல்களில் தொழுகை அழைப்பே துருக்கிய மொழிக்கு மாற்றப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளிலும் தொழுகை அழைப்பு தன் நாட்டின் மீது ஓயாது ஒலிக்க வேண்டும் என்று வேண்டும் இந்தக் கவிதையே தேசிய கீதமாக நின்றது. 1982 அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு இதன் பெயரைச் சொல்கிறது. 4-ஆம் பிரிவு அதை மாற்ற முடியாததாக்குகிறது. சமயப் பற்றாளரும் சமயச்சார்பின்மையை வலியுறுத்துபவரும் எழுந்து நின்று பாடும் பாட்டு ஒன்றே. துருக்கிய அடையாளத்தின் இழுபறி முழுவதும் அதற்குள் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து எழுதுபவர் பாதிக் கவிதையைத்தான் படித்திருக்கிறார்.

இசையைக் கொண்டு யாப்பை எடைபோடுவது

பத்துப் பத்திகளில் பாடப்படுபவை முதல் இரண்டு மட்டும். அவற்றையும் இசையோடு மட்டுமே கேட்டவர்கள் கவிதை கரடுமுரடானது என்கிறார்கள். குற்றம் கவிதையுடையது அன்று. ஆகிஃப் கையாண்டது அரூஸ் என்ற அளவு யாப்பு. குறிலும் நெடிலும் குறித்த வரிசையில் வர வேண்டும். ஒற்றில் முடியும் அசையும் நெடிலாகவே எண்ணப்படும். குறில், குறில், நெடில், நெடில் என்பது அடிப்படைச் சீர். முதல் அடியில் "பு ஷ-ஃபக்-லார்" என்ற இடத்தில் அது அப்படியே ஒலிக்கும். ஒவ்வொரு பத்தியின் அடிகளும் நம் யாப்பில் இயைபு என்போமே, அப்படி ஒரே ஒலியில் முடிகின்றன. கடைசிப் பத்தி மட்டும் ஐந்து அடி; அதன் நான்காம் அடி இந்த இயைபில் சேராது.

1924-இல் அலி ரிஃபத் சாதாய் அமைத்த மெட்டு முதலில் வழங்கியது. 1930 முதல் ஒஸ்மான் ஸெகி உங்கோரின் மெட்டு. அதற்குப் பல்லிய (ஆர்கெஸ்ட்ரா) அமைப்பைச் செய்தவர் ஆர்மேனியரான எட்கார் மனாஸ். இந்த மெட்டு "செவ்வானத்தில்" என்று பொருள்படும் "ஷஃபக்லார்தா" என்ற சொல்லை நடுவில் முறித்து, "ஷஃபக்" என்று நிறுத்தி, "லார்தா" என்று தொடர்கிறது. சொல்லும் இசையும் ஒட்டவில்லை என்ற குறை துருக்கியிலேயே பழையது. ஆகவே முதலில் பாட்டைக் கேட்காமல், யாராவது கவிதையாக வாசிப்பதைக் கேளுங்கள்.

ஆகிஃபின் முழுத் தொகுப்பான "சஃபஹாத்" நூலில் தேடி, இந்தக் கவிதை அதில் இல்லை என்று குழம்புபவர்களுக்கும் ஒரு சொல். பின்னாளில் வந்த சில பதிப்புகள் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கின்றன. அவர் தன் காலத்தில் அதைச் சேர்க்கவில்லை. இது என்னுடையது அல்ல, மக்களுடையது என்று காரணம் சொன்னார்.