300எஃப் கன்வெர்டிபிளை வாங்கும் முன் சோதிக்கும் முறை

1960ஆம் ஆண்டின் கிறைஸ்லர் 300எஃப் கன்வெர்டிபிளின் (மடக்கும் துணிக்கூரை கொண்ட காரின்) முன் நிற்பவரின் கண், வெளிப்புறமாகச் சாய்ந்து எழும் அந்த வால் துடுப்புகளை விட்டு எளிதில் அகலாது. கிறைஸ்லரின் வடிவமைப்பாளர் வெர்ஜில் எக்ஸ்னரின் கைவண்ணம் அப்படிப்பட்டது. ஆயினும் வாங்க வந்தவர் முதலில் தரையில் படுத்து வண்டியின் அடிப்பாகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கிறைஸ்லர் நிறுவனம் தனி அடிச்சட்டத்தை (ஃப்ரேம்) கைவிட்டு, அடிச்சட்டமும் உடற்கூடும் (பாடி) ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட அமைப்புக்கு இந்த மாடலை மாற்றியது அந்த ஆண்டில்தான். இரும்புக் கூரை இல்லாத வண்டியில் பாரம் முழுவதும் தரைத்தகட்டின் மீதும் கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டிவடிவப் பட்டைகளின் மீதும் இறங்குவதால், அங்கே துரு தின்றிருந்தால் வண்டி நடுவில் தொய்யும். துணிக்கூரையை மடக்கிவிட்டுக் கதவின் பின்விளிம்பைக் கவனியுங்கள்: இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் தொய்வு தொடங்கிவிட்டது. மெல்லிய துணியில் பொதிந்த காந்தத்தைப் பட்டையின் நெடுகிலும் நகர்த்துங்கள். அது பிடிப்பற்று நழுவும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது இரும்பு அல்ல, ஓட்டையை மூடப் பூசிய பட்டி (புட்டி). முறுக்கத்தால் ஸ்பிரிங்காக இயங்கும் டார்ஷன் பார்களின் பின்முனைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். மொத்தென்று ஒலித்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது அடையாளம். 248 கன்வெர்டிபிள்கள் மட்டுமே தயாரானதால், கிறைஸ்லரின் இன்னொரு மாடலான நியூயார்க்கர் வண்டியை 300எஃப் ஆக்கி விற்கும் ஆசை சிலருக்கு எழக்கூடும். இடப்பக்க முன்கதவின் கீல் தூணில் உள்ள தகட்டில் எண் 84 என்று தொடங்க வேண்டும். 83 என்றிருந்தால் அது நியூயார்க்கர்.

413 கன அங்குல இன்ஜினின் 375 குதிரைத்திறனுக்குத் துணைநிற்பவை, அதன் மேல் குறுக்காகப் பின்னிச் செல்லும் ஏறத்தாழ 30 அங்குல நீளக் காற்றுக்குழாய்கள். இடப்பக்கக் கார்புரேட்டர் வலப்பக்க சிலிண்டர்களுக்கும், வலப்பக்கத்தது இடப்பக்கத்துக்கும் காற்று-பெட்ரோல் கலவையை அனுப்புகிறது. ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை விசிறியிலும் பெல்ட்டிலும் சிக்காதபடி இணைப்புகளின் ஓரமாக நகர்த்துங்கள். ‘ஸ்ஸ்’ என்ற ஓசை கேட்குமிடத்தில் காற்று கசிகிறது.

பிரேக் டிரம்மைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை: இடப்பக்கச் சக்கரங்களின் திருகுகளுக்கு மறை (புரி) எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால், வலஞ்சுழியாகத் திருகினால்தான் அவை கழலும்.