கல்லூரி மாணவர்கள் தமக்கேற்ற தன்னார்வப் பணியைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதற்படி: நாட்காட்டியைத் திறந்துகொள்ளுங்கள். எந்தப் பணி பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன், எத்தனை மணி நேரத்தைத் தடையின்றித் தர முடியும் என்று பார்ப்பதே நல்லது. இந்தப் பருவத்தின் தேர்வுகளையும் செய்முறை வகுப்புகளையும் விடுமுறைகளையும் குறித்துவிட்டு, மிக நெருக்கடியான வாரத்தில் கிடைக்கும் நேரத்தையே உங்கள் அளவாகக் கொள்ளுங்கள். ஓய்வான வாரத்தை நம்பி வாக்குக் கொடுப்பவர்களே பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பணியைப் பற்றியும், ‘ஒரு வாரம் நான் வராவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். என் கணிப்பில், பணியைத் தேர்ந்தெடுக்கும் வேலையின் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதில், ஒரு குறிப்பிட்ட குழந்தை உங்களுக்காகக் காத்திருக்கும். பருவம் முழுவதும் வர முடியாதவர்கள் இதைத் தொடங்காமல் இருப்பதே அந்தக் குழந்தைக்குச் செய்யும் நன்மை. 2015இல் தொடங்கப்பட்ட ‘பி மை ஐஸ்’ செயலி இதற்கு நேர்மாறானது: பார்வையற்ற ஒருவர் காணொளி அழைப்பில் உதவி கேட்கும்போது நீங்கள் எடுக்காவிட்டால், வேறொரு தன்னார்வலர் எடுத்துக்கொள்வார். 2004 முதல் இயங்கும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ வரைபடத்தில், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சாலைகளையும் கட்டடங்களையும் வரையும் பணியும் அப்படித்தான். தேர்வு வாரத்தில் நிறுத்தி, பிறகு தொடரலாம். இரத்த தானத்திற்கு வாராந்தர நேரமே தேவையில்லை. முழு இரத்தம் கொடுத்தவர் அடுத்த முறைக்குக் குறைந்தது இரண்டு மாதமேனும் காத்திருக்க வேண்டியிருப்பதாலும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைச் சில நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாததாலும், ஒரே நாளில் திரளும் கூட்டத்தைவிட ஆண்டு முழுவதும் முறை வைத்து வருபவர்களே அதிகம் பயன்படுகிறார்கள். மரக்கன்று நடும் விழாக்களைப் பொறுத்தவரை, நடுவதற்கு ஆள் சேர்ந்துவிடும். பிறகு நீர் ஊற்றுபவர் யார் என்று கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.

மூன்றாம் படி: அமைப்பின் பொறுப்பாளரிடம் பேசுங்கள். பயிற்சி அளிப்பவர் யார், பயணச் செலவு யாருடையது, சென்ற பருவத்தில் வந்தவர்கள் உண்மையில் என்ன வேலை செய்தார்கள் என்பவற்றைக் கேளுங்கள். குழந்தைகளோடு பழகும் பணிக்கு உங்களைப் பற்றி எதையும் விசாரிக்காமல் உடனே சேர்த்துக்கொள்ளும் இடத்தைத் தவிர்ப்பதே நலம். அங்கே மற்றவர்களையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள்.

நான்காம் படி: ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: சேரும்போதே முடியும் தேதியையும் சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் பின் வருபவரைத் தேட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். பணி நேரத்தைக் கல்லூரி மதிப்பீட்டில் சேர்க்க விரும்பினால், எந்த அமைப்புகளின் சான்றிதழ் ஏற்கப்படும், அதில் யார் கையொப்பமிட வேண்டும் என்பதைத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.