ப்ரூஜ்: எதை எந்த நேரத்தில் பார்ப்பது

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் என்பதால், பெல்ஜியத்தின் இந்தப் பழைய ஊருக்குப் பெரும்பாலோர் காலை பத்து, பதினொன்றுக்கு வந்து மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் சந்தைச் சதுக்கத்தில் தேர்த்திருவிழாக் கூட்டம். ஓர் இரவு தங்குவது நல்லது. முடியாதவர்கள் ஒன்பது மணிக்குள் வந்து சேரும்படி ரயில் பிடியுங்கள்.

நிலையத்திலிருந்து சதுக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. தெருவெல்லாம் கல் பாவியது. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் சக்கரம்தான் போகும். மின்னவாட்டர் ஏரி வழியாக நடந்தால் முதலில் வருவது பெகெய்ன்ஹோஃப். துறவற உறுதிமொழி எடுக்காமலே பக்தி வாழ்க்கை வாழ்ந்த பெண்களுக்காக 1245-இல் அமைந்த குடியிருப்பு இது. இப்போதும் அங்கே கன்னியர் வசிக்கிறார்கள், பேச்சைக் குறையுங்கள். மாலையில் வாசலை அடைத்துவிடுவதால், காலையிலேயே பார்த்துவிடுவதுதான் சரி.

அடுத்தது அன்னை மரியாள் தேவாலயம். 115 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம் வழிகாட்டும். நடுக்கூடத்துக்குக் கட்டணமில்லை, மைக்கலாஞ்சலோவின் தாயும் சேயும் சிலை இருப்பது டிக்கெட் பகுதியில். இது தெரியாமல் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சிலையைக் காணோமே என்று திரும்புகிறவர்கள் உண்டு. சிலை நான்கடிக்குச் சற்றே கூடுதல். கண்ணாடிக்குப் பின்னால், சில மீட்டர் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். சிறிய பைனாகுலர் உதவும். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அப்போது போகாதீர்கள்.

சதுக்கத்து மணிக்கோபுரத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விடமாட்டார்கள். நேரில் போனால் வரிசையிலேயே ஒரு மணி நேரம் கரையலாம். 83 மீட்டர், 366 படிகள், லிஃப்ட் கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் அதே சுழல்படியில். மேலே போகப் போகக் குறுகும். மூச்சு வாங்கினால் படியில் நிற்காதீர்கள், பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் நிற்க வேண்டியிருக்கும். இடையில் வரும் அறைகளில் உட்காருங்கள்: ஒன்றில் ஊர் சாசனங்களைப் பூட்டி வைத்த இரும்புக் கம்பிக்கதவுகள், இன்னொன்றில் மணிகளை இயக்கும் ராட்சத உருளை. உச்சியில் 47 மணிகள். கால் மணிக்கு ஒருமுறை அவை ஒலிக்கும்போது குழந்தைகளின் காதைப் பொத்த வேண்டிவரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கஷ்டம்.

சதுக்கத்தின் கிழக்கில் நிற்கும் மாகாண மாளிகை இடைக்காலக் கட்டடம் போலவே தெரியும். உண்மையில் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கி எழுப்பிய பழைய பாணி. இந்த ஊரில் இப்படி நிறைய உண்டு.

கால்வாய்ப் படகு அரை மணி நேரம். குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது. ஐந்து படகுத்துறைகளிலும் பயணம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே வரிசை குட்டையான துறையில் ஏறுங்கள். கூட்டம் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில் கிழக்கே, கோட்டைமேட்டுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். அங்கே நான்கு காற்றாலைகள். அவற்றில் 1770-ஆம் ஆண்டு ஆலை ஒன்று இன்றும் மாவரைக்கும். ஒற்றைவழித் தெருக்களில் சைக்கிள்கள் எதிர்த்திசையிலும் வரும், இரு பக்கமும் பார்த்துக் கடந்து செல்லுங்கள்.

கழிப்பறைக்குச் சில்லறை யூரோ வைத்திருங்கள். சைவர்கள் கவனிக்க: பெல்ஜிய உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக ரோசன்ஹூட்காய் கால்வாய்த் திருப்பம். பகலில் அங்கே படம் எடுக்க முண்டியடிக்க வேண்டாம். சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து, வானம் நீலமாக இருக்கும்போதே விளக்குகளும் எரியும்; மணிக்கோபுரத்தின் பிம்பம் தண்ணீரில் விழும். ஜூனில் இதற்கு இரவு பத்து மணி தாண்டும், டிசம்பரில் மாலை ஐந்து மணியே போதும்.