சிறிய டிராக்டரின் முன் அச்சில் எண்ணெய்க் கசிவு: சீலைக் கழற்றுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு சக்கர இயக்கமுள்ள சிறிய டிராக்டரின் முன் அச்சு, உள்ளே எண்ணெய் நிரம்பிய ஒரு நீண்ட கியர்ப்பெட்டி. நடுவில், திருப்பங்களில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்த் தொகுதியான டிஃபரன்ஷியல் இருக்கும். இரு முனைகளிலும், சக்கரம் திரும்பும்போதும் சுழற்சி அறுபடாமல் கீழே இறங்குவதற்கான பெவல் கியர்கள் இருக்கும். இத்தனை இடங்களிலும் எண்ணெயை உள்ளே நிறுத்தி வைப்பவை தண்டுகளைச் சுற்றி அடைக்கும் சில ரப்பர் சீல்களும், இணைப்புகளில் இருக்கும் ஓ ரிங்குகள் எனும் ரப்பர் வளையங்களும்தாம். சக்கரத்தின் உட்புறம் நனைந்து, அதன்மேல் மண் அப்பியிருப்பதைக் கண்டதும் பலரும் "சீல் போய்விட்டது" என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கிப் போடுகிறார்கள். அடுத்த உழவுப் பருவத்துக்குள் அதே இடம் மறுபடியும் நனைகிறது. எண்ணெய் சீல் வழியாகத்தான் வெளியேறுகிறது, ஆனால் அதை அங்கே தள்ளியது எது என்று பார்க்காமல் விடுவதே முதல் தவறு, மற்றவற்றில் பாதி அதிலிருந்து வருபவை.

அதற்கும் முன்னால், ஒழுகுவது அச்சின் எண்ணெய்தானா என்பதையே சிலர் பார்ப்பதில்லை. பவர் ஸ்டீயரிங் சிலிண்டர் பெரும்பாலும் முன் அச்சின் மீதே பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் தண்டின் சீலோ ஹோஸ் இணைப்போ கசிந்தால், எண்ணெய் அச்சு வழியே ஓடி, தாழ்ந்த முனையில் போய்ச் சொட்டும். எஞ்சினின் முன்பக்கக் கசிவும் லோடர் ஹோஸின் கசிவும் இப்படியே ஏமாற்றும். அச்சில் கியர் ஆயில் இருந்தால் அதன் கடுமையான கந்தக நெடி அடையாளம் காட்டிக்கொடுக்கும், ஆனால் பல டிராக்டர்களில் அச்சுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே வகை எண்ணெய் என்பதால் நிறத்தையும் மணத்தையும் மட்டும் நம்ப முடியாது. அச்சு முழுவதையும் கழுவி, நன்றாக உலர்த்தி, ஐயமுள்ள இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி, அரைமணி நேரம் ஓட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை சில முறை திருப்பிப் பார்த்தால், பவுடர் முதலில் கறுக்கும் இடமே கசிவின் பிறப்பிடம். கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரைச் சீலின் விளிம்பை நோக்கி நேராகப் பீய்ச்சக் கூடாது. அது சேற்றைச் சீலின் உதட்டுக்குள், அதாவது தண்டை உரசி நிற்கும் அதன் மெல்லிய ரப்பர் விளிம்புக்குள் செலுத்தி, இல்லாத கசிவையும் உண்டாக்கிவிடும். ஸ்டீயரிங் ஹோஸில் கசிவைத் தேடும்போது விரலால் தடவுவது இன்னும் மோசம், ஏனெனில் அழுத்தத்தோடு ஊசிபோல் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதற்கு ஓர் அட்டைத் துண்டு போதும்.

அதிகம் மறக்கப்படுவது ப்ரீதர். அச்சின் மேற்புறத்தில் சுண்டுவிரல் அளவில் இருக்கும் இந்தக் காற்றுத் துளைக்கு, வேலையின்போது சூடேறி விரியும் காற்றை வெளியே விடுவதும் குளிரும்போது உள்ளே விடுவதும்தான் பணி. அது அடைபட்டால், சூடான அச்சுக்குள் எழும் அழுத்தம் எந்தச் சீல் இளகியிருக்கிறதோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளுகிறது. குளிரும்போது உருவாகும் வெற்றிடம் அதே வழியாகச் சேற்றுநீரை உறிஞ்சுகிறது. எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் இந்த இரண்டாவது பாதியை மறக்க வேண்டாம். நானே ஒரு டிராக்டரின் இடப்பக்கச் சீலை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் ப்ரீதரைக் கழற்றிப் பார்த்தேன்: குளவி ஒன்று துளையை மண்ணால் பூசி, நேர்த்தியாக மூடி வைத்திருந்தது. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓட்டிவந்த சூட்டோடு எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் தளர்த்தும்போது "புஸ்" என்று காற்று வெளியேறினால், சீலைத் தொடும் முன் ப்ரீதரைக் கவனிக்க வேண்டும்.

அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் இதே விளைவைத் தருகிறது. சரிவில் நிறுத்தி அளவு பார்ப்பவர்கள், தாழ்ந்த பக்கத்தில் நிறைந்தும் உயர்ந்த பக்கத்தில் குறைந்தும் இருப்பதைத் தவறாகப் படித்துக் கூடுதலாக ஊற்றிவிடுகிறார்கள். காய்ந்த கெட்டித் தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டபடியே ஓட்டும் பழக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். முன் சக்கரங்களின் விளிம்பு வேகம் பின் சக்கரங்களுடையதைவிடச் சில விழுக்காடு கூடுதலாக இருக்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், வழுக்க இடமில்லாத தரையில் கியர்கள் முறுக்கேறி அச்சு தேவையில்லாமல் சூடாகிறது. டயர் மாற்றும்போது கையேட்டில் இல்லாத அளவைப் போட்டிருந்தால் இது இன்னும் கூடும்.

சீலைக் கழற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், டிராக்டரை உயர்த்துவதில் நடக்கும் தவறு உயிருக்கே உலை வைக்கும். முன் அச்சு நடுவிலுள்ள ஒரே முளையில் தொங்கி, ஊஞ்சல்போல் இருபுறமும் ஆடக்கூடியது. ஒரு பக்கச் சக்கரத்தையும், அது பூட்டப்படும் ஹப்பையும் கழற்றியதும் எடை மாறி மறுபக்கம் சட்டென்று சாயும். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருபுறமும் மரக்கட்டை செருகி, ஜாக்கியை நம்பாமல் நிலைத்தாங்கிகளின் மேல் இறக்கிய பிறகே நட்டைத் தொட வேண்டும். லோடர் வாளியை ஊன்றி முன்பக்கத்தைத் தூக்கி, அப்படியே அடியில் கைவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; ஒரு ஹோஸ் வெடித்தால் போதும்.

சக்கரம் தரையிலிருந்து எழும்பியதும், கழற்றுமுன் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. தண்டு சுற்றும்போது இடவலமாக அலைந்தால் எந்தப் புதுச் சீலும் நிலைக்காது. ஹப்புக்குப் பின்னால் கம்பியோ சணலோ வைக்கோலோ சுற்றியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அதை எடுக்காதவரை புதுச் சீலையும் அதுவே அறுக்கும். பிறகு, சீல் உரசும் தண்டின் பகுதியைத் துடைத்து, நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தால், பழைய உதடு வெட்டிய பள்ளம் இருந்தால் நகம் அதில் மாட்டும். அப்படி மாட்டினால் தண்டை மாற்றலாம், மெல்லிய பழுதுநீக்கும் உறையை அதன்மேல் ஏற்றலாம், அல்லது இடமிருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி உதடு புதிய பரப்பில் உட்காரும்படி செய்யலாம். பள்ளத்தின் மேலேயே மறுபடி உட்காரவைப்பது பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும்.

பிரிக்கும்போது கியர்களுக்கிடையிலுள்ள ஷிம்களை, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையங்களை, ஒரே தட்டில் கொட்டிவிடக் கூடாது. எந்தப் பக்கத்தில், எத்தனை இருந்தன என்பதில்தான் கியர்களின் இடைவெளி நிற்கிறது. புதுச் சீலில் வளையச் சுருள் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கியும், தூசு உதடு வெளியை நோக்கியும் இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸோ அதே எண்ணெயோ தடவாமல் உலர்வாகப் போட்டால், முதல் சில நிமிடங்களிலேயே அது கருகிவிடும். தண்டின் ஸ்ப்ளைன் பற்கள் மிகக் கூர்மையானவை. அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு சீலை ஏற்றினால், உதட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழாது. ஒரு பக்கம் மாற்றி மறுபக்கம் சுத்தியலால் தட்டிச் சாய்வாக இறக்காமல், சீலின் வெளிவளைய அளவுள்ள குழாய்த் துண்டையோ தட்டையான பலகையையோ வைத்து நேராக அழுத்த வேண்டும்.

சீலைச் சுற்றி வெளியே பேஸ்ட் பூசுவதும், கசிவு நிறுத்தும் மருந்து ஊற்றுவதும், எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டியான கிரீஸை நிரப்புவதும் நாட்களைத் தள்ளிப்போடும் வேலைகள். கிரீஸ் ஒழுகாது, உண்மைதான். கியர் தள்ளிய இடத்திலேயே நின்றுவிடுவதால் மேல் பேரிங்குக்கும் அது போய்ச் சேராது. இணைப்பு முகங்களில் பேஸ்ட் தேவைப்பட்டால், பழையதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதை மெல்லிய கோடாக இட வேண்டும். அதிகமானது உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, எண்ணெயோடு சுற்றும்.

நிரப்பும்போது அவசரப்படுவது கடைசித் தவறு. ஒரு முனையில் ஊற்றும் எண்ணெய், அச்சுக்குழாயின் குறுகிய இடைவெளிகளில் ஊர்ந்துதான் மறுமுனையை அடையும். எண்ணெயின் அளவைக் காட்டும் மட்டத் துளையில் வழிந்ததும் நிறைந்துவிட்டது என்று மூடினால், மறுநாள் அளவு இறங்கியிருக்கும், புதுச் சீல் ஒழுகுவதாக வீண் ஐயமும் எழும். சமதளத்தில் நிறுத்தி, கையேடு சொல்லும் வகை எண்ணெயை ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மீண்டும் பார்த்து, சிறிது தூரம் ஓட்டிய பின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். புதுச் சீலின் விளிம்பில் முதல் நாளில் தெரியும் மெல்லிய ஈரம், பொருத்தும்போது தடவிய கிரீஸாகவும் இருக்கலாம் என்பதால், அதைத் துடைத்துவிட்டு, இன்னும் சில மணி நேரம் வேலை செய்த பிறகு அந்த இடம் மறுபடி நனைகிறதா என்று பார்த்தால் போதும்.